விடுமுறைப் படங்கள்: உடனுக்குடன் போடுவதா, வீடு திரும்பியா?

விடுமுறைக்குக் கிளம்பினாலே போனில் படங்கள் குவிந்துவிடும். அவற்றை அங்கிருந்தே போடலாம், வீடு வந்தும் போடலாம்.

உடனே போடுவதில் ஒரு குஷி இருக்கிறது, மறுப்பதற்கில்லை. "பக்கத்தில்தான் அந்த அருவி, விட்டுவிடாதே" என்று யாராவது யோசனையும் சொல்வார்கள். ஆனால் அதே படம், வீடு பூட்டிக் கிடப்பதையும் ஊருக்கே சொல்லிவிடுகிறது. இன்ஸ்டாகிராம் ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடுமே என்பார்கள். ஸ்கிரீன்ஷாட் எடுக்க ஒரு நொடி போதும். இதைவிட மோசம், போர்டிங் பாஸைக் கையில் பிடித்தபடி எடுக்கும் படம். பெயரை விரலால் மறைத்தாலும் பார்கோடு தெரிந்தால் போச்சு: பயணியின் பெயரும் முன்பதிவு எண்ணும் அதற்குள் இருக்கின்றன. இவை இரண்டும் கிடைத்தால் பல விமான நிறுவனத் தளங்களில் உங்கள் பயண விவரத்தையே திறந்துவிடலாம்.

திரும்பி வந்து போட்டால் வீட்டைப் பற்றிய கவலை இல்லை. சுமாரான படங்களைக் கழிக்கலாம், பிள்ளைகள் இருக்கும் படத்தை அவர்களிடம் கேட்டுவிட்டுப் போடலாம். லைக் கொஞ்சம் குறையலாம், போகட்டும். போர்டிங் பாஸ் படம் மட்டும் அப்போதும் வேண்டாம்.

என் ஓட்டு இரண்டாவதற்கே. கை பரபரத்தால் வாட்ஸ்அப்பில் குடும்பக் குழுவுக்கு அனுப்பலாம், அல்லது இன்ஸ்டாகிராமின் 'குளோஸ் ஃபிரெண்ட்ஸ்' பட்டியலுக்கு மட்டும் காட்டலாம். அந்தப் பட்டியலைக் கிளம்பும் முன்பே ஒருமுறை பார்த்துவிடுங்கள். எப்போதோ சேர்த்து மறந்துபோன ஆள் யாராவது அதில் இருக்கலாம்.