மரியோ கார்ட் வேர்ல்டு: முதல் பார்வை

நின்டெண்டோ ஸ்விட்ச் 2 கன்சோலோடு 2025 ஜூன் 5 அன்று வெளிவந்த வண்டிப் பந்தய கேம் இது. முன்பு 12 வண்டி ஓடிய ரேஸில் இப்போது 24. நடுக்கூட்டத்தில் மாட்டினால், மற்றவர்கள் எறியும் ஷெல் (ஆமை ஓடு) அடி ஓயாது.

பின்தங்கியவர்களை வெளியேற்றிக்கொண்டே போகும் நாக்-அவுட் டூர் போட்டிதான் இதன் உயிர். ஆறு கட்டங்களை நிற்காமல் ஓட வேண்டும். ஒவ்வொரு செக்பாயிண்ட்டிலும் கடைசி நான்கு பேர் அவுட். கடைசிக் கட்டத்தில் நெஞ்சு படபடக்கும்!

முதலில் பழக வேண்டியது, விசை சேர்த்துத் துள்ளும் சார்ஜ் ஜம்ப். வண்டி நேராகப் போகும்போது ஆர் பட்டனை அழுத்திப் பிடித்து, தீப்பொறி கிளம்பியதும் விடுங்கள். அழுத்தும்போது ஸ்டிக் சாய்ந்திருந்தால் டிரிஃப்ட் (வளைவில் சறுக்கித் திரும்புவது) ஆகிவிடும். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். சரியாக விட்டால் ரோட்டோரத் தடுப்புக் கம்பிமேல் ஏறிச் சறுக்கலாம், சுவரிலும் ஓட்டலாம். தவறினால், வந்த வழியே பின்னோக்கிப் போக ரீவைண்ட் உண்டு. ஆனால் மற்ற வண்டிகள் உங்களுக்காகப் பின்னோக்கி வராது, இடம் பறிபோகும். பயிற்சிக்கு, போட்டியில்லாமல் இஷ்டப்படி சுற்றும் ஃப்ரீ ரோம்தான் சரி.

பெரிய குறை, பல ரேஸ்கள் தொடராக வரும் கிராண்ட் பிரியில். இரண்டாவது ரேஸிலிருந்து பாதிக்குமேல், ஒரு தடத்திலிருந்து அடுத்த தடத்துக்குப் போகும் இணைப்புச் சாலையிலேயே கழிகிறது. அகலமான நேர் ரோட்டில் டிரிஃப்டுக்கு வேலையே இல்லை. அழகாக வடிவமைத்த தடம் கடைசி ஒரு சுற்றோடு முடிவது வருத்தம். மூன்று சுற்றும் வேண்டுமென்றால், தனியாக நேரத்தோடு போட்டியிடும் டைம் டிரையல் போங்கள்.