ஒட்டிய வால்வு ஒன்றுக்கு 46,500 ரூபாய்: டீசல் வெல்டிங் செட் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

பழைய டீசல் வெல்டிங் செட் வைத்திருப்பவர்களும் வாங்கப்போகிறவர்களும் மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரைப் போடப்போவதில்லை. என்னிடம் வந்த மெக்கானிக் செய்த வேலையை எழுதினாலே போதும், இதே வேலையைச் செய்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

என்னுடையது லிங்கன் எஸ்.ஏ.-250. மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின், அதன் பின்னால் டிசி ஜெனரேட்டர். பைப்லைன் வேலைக்கு 6010 வெல்டிங் ராடு போடுகிறவர்களுக்கு இந்த மெஷினின் ஆர்க் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தூத்துக்குடி பக்கம் ஒரு கான்ட்ராக்டர் யார்டில் மூன்று வருடமாகத் தார்ப்பாய்க்குள் கிடந்ததைப் பேரம் பேசி எடுத்தேன். தார்ப்பாய் மெஷினைத்தான் மூடியிருந்தது, சைலன்சர் குழாய் மேலே வாயைத் திறந்துகொண்டு நின்றது. மூன்று வருட மழை அதன் வழியாக எங்கே இறங்கியிருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

முதல் தப்பு என்னுடையது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் புது பேட்டரி மாட்டி, கையால் ஒரு சுற்றுகூடச் சுற்றிப் பார்க்காமல், செல்ஃப் அடித்தேன். உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம். எஞ்சின் இரண்டு சிலிண்டரில் நொண்டிக்கொண்டே ஓடியது. புகை சைலன்சரில் போகாமல் ஏர் கிளீனர் வழியாகப் ‘புஸ் புஸ்’ என்று துப்பியது. எக்ஸாஸ்ட் வால்வு ஒன்று துருப்பிடித்து, அது ஏறி இறங்கும் குழாயான கைடோடு ஒட்டி, திறக்கவே இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. இன்று தெரிகிறது, அன்று தெரியவில்லை.

வெல்டிங் செட்டுக்கென்றே இருப்பதாகச் சொன்ன ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். வந்தார், ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார், காது கொடுத்துக் கேட்டார். எஞ்சின் தலைமேல் வால்வுகளை மூடியிருக்கும் ராக்கர் கவரைக்கூடக் கழற்றவில்லை. “ஹெட்டு போயிருச்சு அண்ணாச்சி. ஆறு வால்வும் ஆறு கைடும் மாத்தி ஃபேசிங் போட்டாத்தான் தேறும்” என்றார். ஹெட் என்பது வால்வுகள் உட்கார்ந்திருக்கும் எஞ்சின் மேல்பாகம், ஃபேசிங் என்பது அதன் அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்குவது. அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். கையில் பைப்லைன் ஆர்டர் இருந்தது, தேதி நெருக்கியது, சரி என்றேன். ஹெட்டைக் கழற்றிக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போனார்.

23 நாள் ஆனது. தினமும் போன் பண்ணினால் லேத்தில் கரண்ட் இல்லை, கைடு சென்னையிலிருந்து வரணும், பையன் ஊருக்குப் போயிருக்கான் என்று ஒவ்வொரு நாளைக்கு ஒன்று. கடைசியில் ஹெட் வந்தபோது வெள்ளிப் பெயின்ட் அடித்து மின்னியது. பில்லும் வந்தது: ஆறு வால்வு, ஆறு கைடு, இரண்டு புஷ் ராடு (வால்வைத் திறக்க ராக்கரைத் தள்ளும் கம்பி), ஃபேசிங், பேக்கிங், கூலி, மொத்தம் 46,500. பழைய சாமான்களைக் கேட்டேன். “அதெல்லாம் காயலான் கடைக்குப் போயிருச்சே” என்றார். ஓட்டிக் காட்டினார், மூன்று சிலிண்டரும் அடித்தது. பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

சரியாக மூன்று வாரம் ஓடியது. அப்புறம் ஐப்பசி மழையில் பத்து நாள் வேலை நின்றது. மழை விட்டு மெஷினை எடுத்தால் பழையபடி ஒரு சிலிண்டர் அவுட், இந்தத் தடவை மேலே ‘கடகட’ சத்தம் வேறு. போன் பண்ணினால், “ஓடுச்சுல்ல? நீங்க ஓட்டின லட்சணம் எனக்கெப்படித் தெரியும்?” என்றார். அடுத்த நாளிலிருந்து போனை எடுக்கவில்லை.

வெறுத்துப்போய், எங்கள் ஊரில் டிராக்டர் பார்க்கும் ஒரு பெரியவரிடம் போனேன். வந்து எஞ்சினைப் பார்த்ததும் சிரித்தார். “இது நம்ம மாசே வண்டி எஞ்சின்லா தம்பி!” உண்மைதான். பழைய மாசே ஃபெர்குசன் 35, 135 டிராக்டர்களில் வந்த அதே பெர்கின்ஸ் 3.152. டிராக்டர் மெக்கானிக் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கிற எஞ்சினுக்கு நான் ஸ்பெஷலிஸ்ட் தேடி அலைந்திருக்கிறேன்.

முதல் வேலையாக ராக்கர் கவரைக் கழற்றினார். ஐந்து நிமிடம் ஆகவில்லை. இரண்டாவது சிலிண்டர் எக்ஸாஸ்ட் வால்வு பாதி இறங்கி அங்கேயே நின்றது. வால்வு நுனிக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவே டேப்பட் கேப் 12 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு) இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பென்சிலை நுழைத்துக் காட்டினார். புஷ் ராடை உருவிக் கண்ணாடித் துண்டின் மேல் உருட்டினார், தள்ளாடியபடி உருண்டது. வளைந்த ராடைச் சுத்தியலால் நிமிர்த்திப் புதுசு என்று மாட்டியிருக்கிறார்கள்.

அப்புறம் அந்த வால்வின் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு என் விரலை இழுத்து ஸ்டெம் (வால்வின் தண்டு) நுனியில் வைத்தார். ஆணித் தலை மாதிரி விரிந்திருந்தது. இரும்புச் சுத்தியலால் நேரே அடித்த அடி. “இந்தத் தலையோட இது கைடு ஓட்டைல நுழையுமா, சொல்லுங்க.” நுழையாது. அப்படியென்றால் அந்த வால்வு வெளியே வரவே இல்லை. வால்வை எடுக்காமல் கைடை எப்படி மாற்றுவது? ஹெட்டைக் கொண்டுபோய், இருந்தபடியே அடித்து இளக்கி, பெயின்ட் பூசிக் கொண்டுவந்திருக்கிறார்கள். அடித்த அடியில் ஸ்டெம் லேசாக வளைந்ததால்தான் பத்து நாள் ஈரத்துக்கே மறுபடி பிடித்துக்கொண்டது. நல்லவேளை, பிஸ்டன் தலையில் சின்னத் தழும்போடு போயிற்று.

ஹெட்டை இறக்கிய பிறகு, விரிந்த நுனியை அரம் வைத்துத் தேய்த்துவிட்டுத்தான் வால்வை உருவினார். அப்படியே இழுத்தால் கைடைக் கீறிவிடும். ஸ்டெம் முழுக்கப் பழைய துருக்குழி.

ஒட்டிய வால்வை எப்படி எடுக்க வேண்டும் என்று அவர் சொன்னதை எழுதிவிடுகிறேன். ராக்கரைக் கழற்றி, மண்ணெண்ணெயும் பவர் ஸ்டீயரிங் ஆயிலும் கலந்து ஸ்டெம்மைச் சுற்றி ஊற்றி ஒரு ராத்திரி விட வேண்டும். “அடிக்கதுக்கு முன்னால ஊற வைக்கணும்லா.” காலையில் அந்தச் சிலிண்டரின் பிஸ்டனைக் கீழே இறக்கிவிட்டு, கட்டையோ செம்புத் துண்டோ வைத்து லேசாகத் தட்ட வேண்டும். கொஞ்சம் இறங்கும், ஸ்பிரிங் பாதிதான் மேலே தூக்கும். ஸ்பிரிங் தட்டைக் கீழிருந்து நெம்பி ஏற்றி, திரும்ப எண்ணெய், திரும்பத் தட்டு. விட்டதும் ‘டப்’ என்று தானே மூடுகிறவரைக்கும் இதேதான். கடைசியில் ஸ்பிரிங்கைக் கழற்றும்போது பிஸ்டன் மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வால்வு சிலிண்டருக்குள் விழுந்துவிடும். ஸ்பிரிங் கழற்றிய வால்வு விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும். இரண்டு நாள் வேலை, எண்ணெய்ச் செலவு.

என் வால்வு அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. சாம்பிளைக் கையில் எடுத்துக்கொண்டு டிராக்டர் ஸ்பேர்ஸ் கடையில் அளந்து வால்வும் புஷ் ராடும் வாங்கினேன். பேக்கிங், கூலி எல்லாம் சேர்த்து 6,800. மற்ற ஐந்து வால்வையும் பார்த்தோம், ஒன்றுகூடப் புதுசு இல்லை.

ராக்கர் கவரைத் திறக்காமல் ஹெட் போச்சு என்று யாராவது சொன்னால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஹெட் வெளியே போயே ஆக வேண்டுமென்றால் வால்வுகளில் நீங்களே பஞ்சால் அடையாளம் குத்திப் போட்டோ எடுத்துக்கொண்டு அனுப்புங்கள். பழைய சாமான் கைக்கு வந்த பிறகுதான் பணம்.

இப்போது சைலன்சர் வாயில் ஒரு பழைய பால்பவுடர் டின்னைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். ஸ்டார்ட் பண்ணும் முன் எடுக்க மறந்தால் பத்தடி தூரம் பறக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு தடவை சண்டைக்கு வந்துவிட்டார்.