கிளஸ்டரை இடம் மாற்றித் தருகிறோம் என்பவர்களிடம் எச்சரிக்கை

எங்கள் கஸாண்ட்ரா கிளஸ்டரை, அதாவது பல சர்வர்களில் தரவைப் பகிர்ந்து வைக்கும் தரவுத்தளத்தை, புதிய டேட்டா சென்டருக்கு மாற்றித் தருவதாகச் சொல்லி, ஓராண்டுச் சர்வர் வாடகைக்கு ஈடான தொகையை வாங்கிக்கொண்ட ஓர் ஒப்பந்தப் பொறியாளர், காலியான நோட்களை (கிளஸ்டரில் உள்ள சர்வர்களை) ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒப்பந்தப் பணியாளர்களைப் பிடித்துத் தரும் இணையத்தளம் ஒன்றின் வழியாக வந்தவர் அவர். ‘சரிபார்க்கப்பட்டவர்’ என்ற முத்திரையும் அத்தளம் கொடுத்ததுதான். வேறு யாரும் ஏமாறக் கூடாது என்றே எழுதுகிறேன். தப்பிக்கும் வழிகளையும் இறுதியில் விரிவாகச் சொல்கிறேன்.

நம்பிக்கை வந்தது ஒரு செய்முறையால். திரையைப் பகிர்ந்து, பழைய டேட்டா சென்டரில் தரவு வரிசை ஒன்றை எழுதி, மறுநொடியே புதியதில் அதைப் படித்துக் காட்டினார். பிறகு அவர் அனுப்பிய, நோட்களின் நிலையைக் காட்டும் நோட்டூல் ஸ்டேட்டஸ் கட்டளையின் படத்தில் எல்லா நோட்களும் ‘யுஎன்’ என்று, அதாவது இயங்கும் நிலையில், நின்றன. தரவின் அளவைச் சொல்லும் லோட் நெடுவரிசை மட்டும் அந்தப் படத்தில் இல்லை. தொகை விடுவிக்கப்பட்டது.

சூது அந்தச் செய்முறையிலேயே இருந்தது. ரிப்ளிகேஷனில், அதாவது தரவின் பிரதிகள் எங்கெங்கே இருக்க வேண்டும் என்ற அமைப்பில், புதிய டேட்டா சென்டரைச் சேர்த்த கணம் முதல் புதிதாக எழுதப்படுபவை இரு பக்கமும் தாமாகவே போய்விடும். பழைய தரவோ, அதை நகலெடுத்து வரும் ரீபில்ட் கட்டளையை ஓட்டினால்தான் வரும். அக்கட்டளையில் மூல டேட்டா சென்டரின் பெயரைக் கொடுக்காவிட்டால், தரவு எதுவும் வராமலேயே வெற்றிகரமாக முடிந்ததுபோல் தோன்றிவிடக்கூடும். அவர் ஓட்டிய கட்டளை, பெயரின்றி, ஷெல் ஹிஸ்டரியில் (ஓட்டிய கட்டளைகளின் பதிவில்) அப்படியே கிடக்கிறது. போதாததற்கு, அன்றே பழைய பக்கத்தை ரிப்ளிகேஷனிலிருந்து நீக்கி, நோட்களை டீகமிஷன் செய்து (கிளஸ்டரிலிருந்து விலக்கி), டிஸ்க்குகளையும் துடைத்துவிட்டார். எங்கள் பேக்கப்பிலிருந்து பெரும்பகுதியை மீட்டோம். பேக்கப்புக்கும் ரிப்ளிகேஷன் மாற்றத்துக்கும் இடையே எழுதப்பட்டவை போனது போனதுதான்.

கேட்டபோது, ‘கேஷ் (தற்காலிக நினைவகம்) சூடாகட்டும், பொறுங்கள்’ என்றார். அடுத்து, ‘ரிப்பேர் ஓட்டுங்கள், சரியாகிவிடும்’ என்றார். பிரதிகளை ஒப்பிட்டு விடுபட்டதை நிரப்பும் கட்டளை அது. எதனோடு ஒப்பிட்டு ரிப்பேர் செய்வது? ஒப்பிட வேண்டிய பிரதியைத் துடைத்தவரே அவர்தானே! அதன்பின் பதிலே இல்லை. தளமோ, ‘பணி ஏற்கப்பட்டுவிட்டதால் தொகையைத் திருப்பித் தர இயலாது’ என்ற ஒரே பத்தியை, கீழே பெயரை மட்டும் மாற்றி மாற்றி அனுப்பிவிட்டுப் புகாரை மூடிவிட்டது. ஓராண்டு வாடகை! அதே ஓராண்டு வாடகையை இப்போது புதிய டேட்டா சென்டருக்கு வேறு கட்ட வேண்டும்.

விரிவாக எழுதும் பொறுமை இப்போது இல்லை. லோட் நெடுவரிசையை உங்கள் கண்ணால் பாருங்கள். சென்ற ஆண்டு எழுதிய வரிசையை, புதிய பக்கத்திலிருந்து, லோக்கல் குவாரத்தில் (அந்த டேட்டா சென்டரிலுள்ள பிரதிகளில் பெரும்பான்மை பதில் தரும் முறையில்) படித்துக் காட்டச் சொல்லுங்கள். டிஸ்க்கைத் துடைக்கும் அனுமதியை வெளியாளிடம் கொடுக்காதீர்கள். பழைய வரிசை வருவதைப் பார்க்கும்வரை பணத்தை விடுவிக்காதீர்கள்.