பழைய கேம் விளையாட எந்த டப்பா வாங்கலாம்: ராஸ்பெர்ரி பை, ஆபீஸ் மினி பிசி, மிஸ்டர்

டிவில பழைய கேமெல்லாம் விளையாடணும், கான்ட்ரா, மரியோ, கொஞ்சம் பிளேஸ்டேஷன் 1 (பிஎஸ்1), முடிஞ்சா பிஎஸ்2, எதை வாங்கலாம்னு யார்கிட்ட கேட்டாலும் யோசிக்காம வர்ற பதில் "ஒரு ராஸ்பெர்ரி பை வாங்கி ரெட்ரோபை போட்டுடு" (பை ஒரு கையளவு கம்ப்யூட்டர் போர்டு, ரெட்ரோபை அதுல பழைய கேம் ஓட்டற சா஫்ட்வேர்). பை 3 வந்த 2016ல அது சரியான பதில்தான். இப்ப பழக்கதோஷத்துல சொல்றாங்கன்னுதான் எனக்குத் தோணுது. பை, கம்பெனிக்காரங்க கழிச்சு விட்ட மினி பிசி, மிஸ்டர் எஃப்பிஜிஏ (என்னன்னு கீழ சொல்றேன்) மூணையும் நோண்டிப் பாத்தாச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஆளு வேற வேலை வேற. கூடவே ஆன்லைன்ல விக்கிற அந்த எச்டிஎம்ஐ கேம் ஸ்டிக்கையும் போற போக்குல பாத்துடுவோம், ஏன்னா வீட்டுக்கு வர்ற சித்தப்பா மொதல்ல கேக்கறது அதைத்தான்.

மொதல்ல காசு. 2012 பிப்ரவரில வந்த முதல் பை மாடல் பி 35 டாலர், 700 மெகாஹெர்ட்ஸ் சிப்பு, 256 எம்பி ரேம். பசங்க புரோகிராமிங் கத்துக்கட்டும்னு கேம்பிரிட்ஜ்ல செஞ்சது அது, அதுல போய் மரியோ ஓட்டினது நம்மள மாதிரி ஆளுங்க. அந்த 35 டாலர்தான் எல்லார் மனசுலயும் அப்படியே தங்கிடுச்சு. 2023ல பை 5 வந்தப்பவே 4 ஜிபி 60 டாலர், 8 ஜிபி 80 டாலர், அப்புறம் மெமரி விலை ஏறினதுல அதுவும் ஏறிடுச்சு. போர்டை மட்டும் வச்சு என்ன பண்றது, அதுக்கு 5 வோல்ட் 5 ஆம்ப் அடாப்டர் தனியா வாங்கணும் (சாதா 3 ஆம்ப் சார்ஜர் போட்டா ஓடும், ஆனா யுஎஸ்பி போர்ட்டுக்கு போற கரண்டை அதுவே குறைச்சிடும், ரெண்டு கன்ட்ரோலரும் ஒரு ஹார்டு டிஸ்கும் சொருகினா தெரியும் சேதி), ஃபேன், டப்பா, நல்ல எஸ்டி கார்டு, அப்புறம் அந்த மைக்ரோ எச்டிஎம்ஐ கேபிள், வீட்ல ஏற்கனவே கிடக்கற கேபிள் எதுவும் அதுக்கு சேராது. எல்லாத்தையும் கூட்டினா ஒரு செகண்ட் ஹேண்ட் மினி பிசி விலைக்குப் பக்கத்துல வந்து நிக்கும்.

அந்த மினி பிசி ஏன் இப்ப மலிவா கிடைக்குதுன்னா, அதுக்குக் காரணம் விண்டோஸ் 11. இன்டெல்ல 8வது ஜெனரேஷனுக்கு கீழ இருந்தா அது முறைப்படி ஏறாது, விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது, அதனால கம்பெனிங்க 6வது, 7வது ஜெனரேஷன் ஐ5 மெஷினையெல்லாம் மொத்தமா தள்ளி விட்டுட்டாங்க. டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்பி எலைட்டெஸ்க் மினி, லெனோவா திங்க்சென்டர் டைனின்னு ரிச்சி ஸ்ட்ரீட்ல அடுக்கி வச்சிருப்பான். பத்தாயிரத்துக்கு முன்னப்பின்ன பேசி வாங்கலாம், ரேம், எஸ்எஸ்டி, அடாப்டர், டப்பா எல்லாமே உள்ளயே இருக்கும். வாங்குறப்ப பயாஸ் (மெஷின் ஆன் ஆனதும் மொதல்ல ஓடற செட்டிங்) பாஸ்வேர்டு எடுத்தாச்சான்னு மட்டும் கடையிலயே ஆன் பண்ணி பாத்துடுங்க, பல மெஷின்ல கம்பெனி பூட்டு அப்படியே இருக்கும், வீட்டுக்கு கொண்டு வந்தப்புறம் அதை உடைக்கறது ரோதனை.

விண்டோஸ் 11 ஏறாதது நமக்கு ஒரு கவலையும் இல்ல. பட்டோசெராங்கற பழைய கேமுக்குன்னே செஞ்ச ஓஎஸ்ஸை ஒரு பென் டிரைவ்ல எழுதி, பயாஸ்ல செக்யூர் பூட்ங்கற செட்டிங்கை ஆஃப் பண்ணி பூட் பண்ணா நேரா கேம் மெனு வந்துடும், உள்ள இருக்கற டிஸ்கை தொடவே வேண்டாம். இதே பட்டோசெரா பைக்கும் இருக்கு, அதனால சாஃப்ட்வேர்ல பெருசா வித்தியாசம் இல்ல. ரெட்ரோபை பக்கம்தான் கொஞ்சம் தூங்கி வழியுது, அவங்க ரெடிமேடா கொடுத்த 4.8 இமேஜ் 2022ல வந்தது, பை 5ல போடணும்னா ராஸ்பெர்ரி பை ஓஎஸ் மேல கையால ஏத்தணும்.

எது எதை ஓட்டும்னு பாத்தா, பிஎஸ்1 வரைக்கும் பை 5 அலட்டிக்காம ஓட்டும். பிஎஸ்2ன்னு போனா திணற ஆரம்பிச்சிடும். நம்ம ஊர்ல பிஎஸ்2 எவ்ளோ வருஷம் ஓடுச்சுன்னு சொல்லத் தேவையில்ல, சான் ஆன்ட்ரியாஸ், ஸ்மாக்டவுன்னு அந்த டிஸ்க்கோட வளர்ந்த ஒரு தலைமுறையே இருக்கு. ஐ5 6500டி மாதிரி ஒரு 35 வாட் சிப்புல கூட பிஎஸ்2 கேம்கள்ல நிறைய அதோட சொந்த ரெசல்யூஷன்ல ஓடும், கனமான சிலது மட்டும் திக்கும். அப்புறம் டேவ், பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா, ரோட் ராஷ்னு பிரவுசிங் சென்டர், ஸ்கூல் லேப் காலத்து ஐட்டமெல்லாம் டாஸ்பாக்ஸ் (பழைய டாஸ் கேமுக்கு), வைன் (விண்டோஸ் கேமுக்கு)னு ஏதாவது வழியில பிசில வந்துடும், பைல அந்த விண்டோஸ் கேமெல்லாம் தலைய சுத்தி மூக்கைத் தொடற வேலை.

இப்ப மிஸ்டர். இது என்னன்னே நிறைய பேருக்குத் தெரியாது, அதனால கொஞ்சம் விளக்கமா. எமுலேட்டர்ங்கறது பழைய மெஷின் மாதிரியே நடிக்கற சாஃப்ட்வேர், மிமிக்ரி ஆர்டிஸ்ட் மாதிரி, குரல் அச்சு அசலா இருந்தாலும் தொண்டை வேற. மிஸ்டர்ல தொண்டையையே கட்டப் பாக்கறாங்க. எஃப்பிஜிஏங்கற சிப்புக்குள்ள லாஜிக் கேட்டெல்லாம் நாம சொல்றபடி இணைஞ்சுக்கும், நின்டெண்டோவோட ஃபேமிகாம் (மரியோ, கான்ட்ரா ஓடின டப்பா) உள்ள இருந்த சிபியு, படம் வரையற சிப்பு, சவுண்டு எல்லாம் ஒரே நேரத்துல பக்கத்து பக்கத்துல ஓடற சர்க்யூட்டாவே அமையும். 2017ல அலெக்ஸி மெல்னிகோவ் ஆரம்பிச்ச புராஜெக்ட் இது, டெராசிக் கம்பெனி மாணவர்களுக்குன்னு விக்கிற டிஇ10-நானோ போர்டு மேல நிக்குது. ஆரம்பத்துல 130 டாலர் பக்கம் இருந்த போர்டு இப்ப 200ஐ தாண்டிடுச்சு, மேல எஸ்டிரேம் மெமரி பலகை, யுஎஸ்பி ஹப்புன்னு சேத்தா இன்னும் ஏறும், கஸ்டம்ஸ் வேற. 2024க்கு அப்புறம் 100 டாலர் பக்கத்துல குளோன் போர்டு வர ஆரம்பிச்சதுதான் ஒரே ஆறுதல். பிஎஸ்1, சேகா சாட்டர்ன், நின்டெண்டோ 64 வரைக்கும் கோர் (ஒரு மெஷினோட சர்க்யூட்டை எழுதி வச்ச ஃபைல்) இருக்கு, பிஎஸ்2 எல்லாம் அந்த சிப்புக்குள்ள அடங்கவே அடங்காது. எஃப்பிஜிஏன்னாலே நூத்துக்கு நூறு ஒரிஜினல்னு சொல்றவங்களை நம்பாதீங்க, அந்தக் கோரையும் மனுஷன்தான் எழுதறான், அவனுக்குத் தெரியாத சிப்போட குணம் அதுலயும் வராது.

அப்ப எதுக்கு அதை வாங்கணும்? லேக்குக்காக.

மரியோ குதிக்கற பட்டனை அமுக்கினதுல இருந்து டிவில அவன் குதிக்கற வரைக்கும் ஆகற நேரம் இருக்கே, பழைய டப்பா, பழைய குண்டு டிவில அது ஒண்ணு ரெண்டு ஃப்ரேம்தான், ஒரு ஃப்ரேம்னா 16.7 மில்லி செகண்ட். இப்ப வர்ற எல்இடி டிவில படத்தை அழகு பண்றேன்னு டிவியே கொஞ்ச நேரம் புடிச்சு வச்சுக்கும், கேம் மோடு போடலன்னா சில டிவில 100 மில்லி செகண்டைத் தாண்டும், அதாவது ஆறு ஃப்ரேம். "சின்ன வயசுல ஒரே லைஃப்ல முடிப்பேன், இப்ப மொதல் ஸ்டேஜே தாண்ட முடியல, வயசாயிடுச்சு"ன்னு பொலம்பற ஆளு மொதல்ல டிவி செட்டிங்க்ஸ்ல போய் கேம் மோடை ஆன் பண்ணிட்டு வந்து பேசட்டும், வயசை அப்புறம் பாத்துக்கலாம். அதுக்கு மேல எமுலேட்டர் தன் பங்குக்கு ஒண்ணு ரெண்டு ஃப்ரேம் சேக்கும். மிஸ்டர் கிட்டத்தட்ட எதுவும் சேக்காது, அதான் அதோட பெருமை.

ஆனா 2018ல ரெட்ரோஆர்ச்ங்கற எமுலேட்டர் சாஃப்ட்வேர்ல ரன்-அஹெட்னு ஒரு வேலை வந்துச்சு, இதுக்கப்புறம் மிஸ்டருக்கு அவ்ளோ காசு கொடுக்கணுமான்னு எனக்கு சந்தேகம் வந்துடுச்சு. பல கேம்ல பட்டனைப் படிச்சப்புறம் கேமே உள்ளுக்குள்ள ஒண்ணு ரெண்டு ஃப்ரேம் சும்மா இருந்துட்டுத்தான் அசையும். ரன்-அஹெட் என்ன பண்ணும்னா, இப்ப இருக்கற நிலைமையை சேவ் பண்ணிட்டு, திரைக்குப் பின்னாடி வேகமா அடுத்த ஃப்ரேமை ஓட்டிப் பாத்து, அந்தப் படத்தை இப்பவே காமிச்சிட்டு திரும்ப பழைய இடத்துக்கு வந்துடும். அதாவது ஒரிஜினல் மெஷின்ல இருந்த தாமதத்தையே முழுங்கிடும். எத்தன ஃப்ரேம் வைக்கலாம்னு கண்டுபிடிக்கறதும் சுலபம், கேமை பாதில நிறுத்தி வச்சு, ஜம்ப்பை அமுக்கிப் புடிச்சுட்டு கீபோர்டுல கே தட்டி ஒவ்வொரு ஃப்ரேமா நகத்துங்க, ஆளு அசைய எத்தன தட்டு ஆச்சோ அதுல ஒண்ணு கம்மியா வைங்க. அதுக்கு மேல வச்சா ஆளு எகிறி எகிறி ஓடுவான். இதுக்கு சிபியு ரெட்டிப்பு வேலை செய்யணும், பழைய பை 3 இங்கதான் மூச்சு வாங்கும், பை 5 எட்டு பிட்டு கேமுக்கு சமாளிக்கும், ஐ5ல பிஎஸ்1க்கு கூட தைரியமா போடலாம். பத்தாயிரம் ரூபாய் மெஷின் இந்த ஒரு விஷயத்துல மிஸ்டரைத் தொட்டுடுதுன்னா அது சின்ன விஷயமா?

இன்னொண்ணு, இது நம்ம ஊர் ஆளுங்களுக்கு மட்டும் புரியற சமாச்சாரம். நமக்கு வந்த கேசட் டப்பால பெரும்பாலானது நின்டெண்டோ இல்ல, சீன, தைவான் குளோன். 1983ல ஜப்பான்ல வந்த ஃபேமிகாம் செகண்டுக்கு 60 ஃப்ரேம். நம்ம டிவி PAL முறை, 50, அதனால இங்க வித்த குளோன்ல நிறைய 50லதான் ஓடுச்சு. அப்ப நாம விளையாடின கான்ட்ரா ஒரிஜினலை விட ஆறுல ஒரு பங்கு மெதுவானது, பாட்டும் சேத்து! எமுலேட்டர்ல போட்டு "என்னடா இது ஃபாஸ்ட்டா ஓடுது"ன்னு முழிச்சவங்க நிறைய பேர், உங்க காதுல கோளாறு இல்ல. ரெட்ரோஆர்ச்ல ஃபேமிகாம் கேம் ஓட்டற எஃப்சியுஎம்எம், மெசென் ரெண்டு கோர்லயும் ரீஜன்ல டெண்டின்னு ஒரு ஆப்ஷன் இருக்கும் (ரஷ்யால வித்த குளோன் பேரு அது, நம்மளதும் அதே ஜாதி), அதைப் போட்டா பழைய வேகம் திரும்ப வந்துடும். மிஸ்டர்லயும் இந்த டெண்டி இருக்கு, வீசிங்க் அட்ஜஸ்ட்ங்கற செட்டிங்கை ஒரு தடவ செட் பண்ணி வச்சா டிவிக்குப் போற வேகத்தையும் அதுவே மாத்திக்கும். பையிலயும் பிசியிலயும் வீடியோ மோடை நாமளே 50க்கு மாத்தணும், இல்லன்னா ஸ்க்ரோல் ஆகறப்ப வெட்டி வெட்டி போகும். இந்த எடத்துல மிஸ்டருக்கு ஒரு மார்க் போட்டே ஆகணும்.

கேம் ஸ்டிக் பத்தி ரொம்ப பேச ஒண்ணுமில்ல. டப்பா மேல 4கேன்னு போட்டிருப்பான், 240 கோடு படத்துக்கு 4கே எதுக்குன்னு அவனுக்கே தெரியாது. பத்தாயிரம் கேம்னு சொல்லுவான், அதுல ஒரே கேம் பல பேர்ல இருக்கும், அந்த 9999 இன் 1 கேசட் காலத்துல இருந்து இந்தப் பழக்கம் மட்டும் மாறவே இல்ல. அந்த கேமெல்லாம் யார்கிட்டயும் உரிமை வாங்காம போட்டதுங்கறது வேற கதை. சித்தப்பாவுக்கு ஓகே, பசங்க ஒரு வாரம் விளையாடுவாங்க. உள்ள இருக்கற மெமரி கார்டை மட்டும் மொதல் நாளே காப்பி எடுத்து வச்சுக்கங்க.

சரி பை எதுக்குத்தான் ஆகும்னா, நோண்டறதுக்கு. பை 4 வரைக்கும் அந்த 3.5 எம்எம் ஜாக்குல இருந்தே பழைய குண்டு டிவிக்கு நேரா மஞ்சள் ஒயர் போடலாம், பை 5ல ஜாக்கை எடுத்துட்டான், போர்டுல இருக்கற புள்ளில சால்டர் பண்ணணும். குண்டு டிவி வச்சிருக்கறவனுக்கு பை 4 இன்னும் நல்ல டீல். ஆனா டக் ஹன்ட் துப்பாக்கிக்காக எல்இடி டிவி பக்கம் போகாதீங்க, விசையை இழுத்த அடுத்த ஒண்ணு ரெண்டு ஃப்ரேம்ல திரையில வெள்ளைக் கட்டம் வந்துச்சான்னு துப்பாக்கிக்குள்ள இருக்கற லைட் சென்சார் பாக்கறதுதான் அதோட டெக்னிக், படம் தாமதமா வர்ற டிவில வாத்து எப்பவும் தப்பிச்சிடும், நாய் சிரிச்சுக்கிட்டே இருக்கும்.

பழைய கன்ட்ரோலரை உசுப்பறதுக்கு பை போர்டுல ஒயர் சொருகற ஜிபிஐஓ பின்னு வேணும்னு சொல்லுவாங்க, அதுவும் இப்ப கட்டாயமில்ல. ஃபேமிகாம் பேடு உள்ள இருக்கறது 4021ன்னு ஒரு ஷிப்ட் ரெஜிஸ்டர், லாட்ச், கிளாக், டேட்டா மூணே ஒயர், கரண்டுக்கு ரெண்டு, எட்டு பட்டனையும் ஒண்ணு ஒண்ணா வரிசையா சொல்லும். ஆர்டுயினோ ப்ரோ மைக்ரோன்னு ஒரு குட்டி போர்டு வாங்கி அந்த அஞ்சு ஒயரை சால்டர் பண்ணி சின்னதா ஒரு புரோகிராம் போட்டா அது யுஎஸ்பி ஜாய்ஸ்டிக்கா மாறிடும், பை, பிசி, மிஸ்டர் எதுல வேணா சொருகலாம். குளோன் டப்பால வந்த பேடுல 4021க்கு பதிலா ஒரு கருப்பு பொட்டு இருக்கும், வேலை அதேதான்.

அப்புறம் கரண்ட் கட். பையில எஸ்டி கார்டு எழுதிக்கிட்டு இருக்கறப்ப கரண்ட் போச்சுன்னா கார்டு கெட்டுப் போற வாய்ப்பு அதிகம், யுபிஎஸ் இல்லாத வீட்ல இது சும்மா பயமுறுத்தறதுக்கு சொல்றது இல்ல. எஸ்எஸ்டி அவ்ளோ சீக்கிரம் மண்டையப் போடாது.

அதனால என் கணக்கு இப்படி. பிஎஸ்2வும் வேணும், பழைய பிசி கேமும் வேணும், வீட்ல இருக்கறவங்க பட்டன் அமுக்கினா ஓடணும்னா கண்ண மூடிக்கிட்டு மினி பிசி. குண்டு டிவி இருக்கு, சால்டரிங் அயர்ன் கை பழக்கம்னா பை 4. காசு இருக்கு, பிஎஸ்1க்கு மேல ஆசை இல்ல, ஒரு ஃப்ரேம் தாமதமானா தூக்கம் வராதுன்னா மிஸ்டர். பை 5ஐ கேமுக்குன்னு புதுசா வாங்க எனக்கு ஒரு காரணமும் தெரியல, ஏற்கனவே வீட்ல கிடந்தா தாராளமா போடுங்க.

மினி பிசி வாங்கினா பின்னாடி ஒரு தடவ பாத்துடுங்க, நிறைய மாடல்ல எச்டிஎம்ஐ இருக்காது, டிஸ்ப்ளேபோர்ட் மட்டும்தான். பயப்பட வேண்டாம், சாதா டிபி டு எச்டிஎம்ஐ கேபிள் போதும், சவுண்டும் அதுலயே போகும். ப்ளூடூத் இருக்கான்னும் கேளுங்க, இல்லன்னா மிச்சம் பண்ண காசுல ரெண்டு நல்ல 2.4 ஜி கன்ட்ரோலரா வாங்கிடுங்க, ரெண்டும் ஒரே மாடலா இருக்கட்டும், இல்லன்னா நல்லது யாருக்குன்னு கான்ட்ரா ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சண்டை.