கல்லூரி ஆய்வகத்தில் கான்கிரீட் சோதனை: ஒரு மதிப்பீடு

பாளையங்கோட்டையில் வீடு கட்டும்போது, ஆற்று மணலுக்குப் பதில் எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் செயற்கை மணல்) சேர்த்த கான்கிரீட்டின் வலிமையை அறிய, நெல்லை வட்டாரத்து அரசுப் பொறியியல் கல்லூரி ஒன்றின் சிவில் துறை ஆய்வகத்தைக் கட்டணம் செலுத்தி நாடினேன். 150 மில்லிமீட்டர் பக்கமுள்ள மூன்று கான்கிரீட் கனசதுரக் கட்டிகளை 28 நாள் தண்ணீரில் ஊறவைத்துக் கொண்டுசென்றோம்.

எம்20 என்னும் கான்கிரீட் வலிமைத் தரமென்றால் ஒரு கட்டி ஏறத்தாழ 450 கிலோநியூட்டன் சுமையைத் தாங்க வேண்டும். கட்டியை அழுத்திச் சோதிக்கும் இயந்திரத்தின் தட்டைத் தூரிகையால் துடைத்த மாணவி, வார்க்கும்போது கொத்துக்கரண்டியால் தேய்த்த முகம் மேலே வராதபடி கட்டியைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தார். அந்த முகம் சமமாக இராது என்பதால் அளவு பிழையாகிவிடுமாம். உடன் வந்த கொத்தனார், “அண்ணாச்சி, இதெல்லாம் எனக்கே தெரியாதுல்லா!” என்று வியந்தார். மூன்று முடிவுகளில் ஏதேனும் ஒன்று சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகினால் அந்தச் சோதனை செல்லாது என்பதையும் அந்த மாணவியே விளக்கினார்.

வாசலில் ‘புத்தாக்க மையம்’ என்று பெரிய பலகை இருக்கிறது. எனக்கு அதைவிட, அனல்மின் நிலையச் சாம்பலைச் சிமெண்டில் கலந்து மாணவர்கள் வார்த்து, தேதியெழுதி அடுக்கியிருந்த கட்டிகளே மதிப்புடையனவாகத் தோன்றின.

ரசீதுக்காக மூன்று அறைகளுக்கு அலைந்ததும், அறிக்கை ஒன்பது நாள் தாமதித்ததும் குறைகளே. ஆயினும் மாடித் தளத்திற்கான கட்டிகளையும் அங்கேயே கொடுத்திருக்கிறேன்.