லூயிஸ் நகரத்து ஏலா, கீத்லி நகரத்து ஏலா?

இங்கிலாந்தின் ஊர் மணம் மாறாத 'ஏல்' என்னும் பீர் வகையைப் பருக விரும்புகிறவர் தெற்கே சசெக்ஸ் பகுதியிலுள்ள லூயிஸ் நகருக்குச் செல்வதா, வடக்கே யார்க்‌ஷயரின் கீத்லிக்குச் செல்வதா என்பது எளிதில் தீர்க்கக்கூடிய கேள்வி அன்று. முன்னதில் ஹார்விஸ் பீர் ஆலையின் 'சசெக்ஸ் பெஸ்ட்' கிடைக்கிறது. பின்னதில் டிமதி டெய்லர் ஆலையின் 'லேண்ட்லார்ட்' கிடைக்கிறது. ஈஸ்ட் உயிரோடிருக்கும் நிலையிலேயே பீப்பாயில் அடைக்கப்பட்டு, அதற்குள்ளேயே இரண்டாம் முறை நொதித்து, வெளியிலிருந்து வாயு ஏற்றப்படாமல் கைப்பம்பினால் இறைத்துத் தரப்படும் இவ்வகை ஏலைக் காப்பதற்காகத்தான் 1971-இல் காம்ரா என்னும் நுகர்வோர் இயக்கம் தோன்றியது.

சுவையை மட்டும் கருதினால் என் தேர்வு லேண்ட்லார்ட். கோல்டன் பிராமிஸ் என்னும் பார்லியும், ஆலையின் சொந்த ஊற்றான நோல் ஸ்பிரிங்கின் நீரும் சேர்ந்து, 4.3 விழுக்காடு ஆல்கஹாலுக்குள் மலர் வாசமும் தெளிவான கசப்பும் கொண்ட பொன்னிற ஏலைத் தருகின்றன. 4 விழுக்காடு கொண்ட சசெக்ஸ் பெஸ்ட் செம்பு நிறமுடையது. மால்ட் எனப்படும் முளைகட்டிய பார்லியின் இனிப்பும், ஹாப்ஸ் என்னும் கொடிப்பூவின் கசப்பும் ஒன்றையொன்று மிஞ்சாமல் நிற்பதால், இரண்டாவது கோப்பையில்தான் அதன் அருமை முழுமையாகத் தெரியும்.

ஆனால் லேண்ட்லார்ட் பப்பின் நிலவறையைப் பெரிதும் நம்பியிருக்கும் ஏல். வேகமாக நொதிக்கும் இயல்புடைய அதை 11 முதல் 13 பாகை செல்சியஸில் கிடத்தி, மேல்துளையில் மென்மரச் செருகு ஒன்றை இறுக்கி, மிகுவாயு கசிந்து வெளியேறும்வரை பொறுத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்த பீப்பாயிலிருந்து வருவது கூர்மையற்ற, கலங்கிய பானமே. வடக்கில் குழாய் நுனியில் சிறுதுளைகள் கொண்ட மூடியைப் பொருத்துவதால் பாலேடு போன்ற நுரை தடித்து எழுகிறது. தெற்கில் அதை விரும்புவதில்லை. எந்த ஊரானாலும், ஒரு முறை திறந்த பீப்பாய் மூன்று நாள்களுக்குள் தீர்ந்தாக வேண்டும் என்பதால், 72 பைன்ட் (ஏறத்தாழ 41 லிட்டர்) கொள்ளும் பீப்பாயை அதற்குள் விற்று முடிக்கும் அளவுக்குக் கூட்டமுள்ள பப்பையே நாடுவது நல்லது.

ஊரோடு உள்ள உறவில் லூயிஸ் முந்துகிறது. ஊஸ் ஆற்றங்கரையில், நகரின் நடுவிலேயே ஹார்விஸ் ஆலையின் கோபுரம் நிற்கிறது. 2006 இறுதியில் 'லூயிஸ் ஆர்ம்ஸ்' பப்பிலிருந்து அதன் அப்போதைய உரிமையாளரான கிரீன் கிங் நிறுவனம் ஹார்விஸ் ஏலை நீக்கியபோது, வழக்கமாக வருவோர் அந்தப் பப்பையே புறக்கணித்தனர். 2007 ஏப்ரலில் நிறுவனம் பணிந்து, அந்த ஏலைத் திரும்பக் கொண்டுவந்தது. உள்ளூர் ஏலைத் தங்கள் உரிமையாகவே கருதும் இத்தகைய மக்களுக்காகவே முதல் பயணம் லூயிஸுக்கு அமைய வேண்டும் என்பேன்.

சமையலில் முடிவு வேறுபடும். மாட்டிறைச்சியை ஏலில் நெடுநேரம் வேகவைத்து, மாவு உறைக்குள் வைத்துச் சுடும் 'பை' (pie) என்னும் பண்டத்துக்கு லேண்ட்லார்ட் ஏற்றதன்று. நீர் வற்ற வற்ற ஹாப்ஸின் கசப்பு திரண்டு குழம்பைக் கெடுத்துவிடும். சசெக்ஸ் பெஸ்ட் ஓரளவு தாங்கும். ஹார்விஸின் கருநிற 'ஓல்ட் ஏல்' இன்னும் பொருத்தமானது. செடார் பாலாடைக்கட்டியையும் கடுகு விழுதையும் சிறிதளவு ஏலில் உருக்கி ரொட்டியின் மேல் வாட்டும் வெல்ஷ் ரேர்பிட்டுக்கோ லேண்ட்லார்ட்டின் கசப்பே கொழுப்பை முறித்துச் சுவை கூட்டுகிறது. மீன் வறுவலுக்கான மாவில் மட்டும் பீப்பாய் ஏல் எதையும் ஊற்ற வேண்டாம். அதில் வாயு குறைவு என்பதால் மாவு மொறுமொறுப்பாக வராது, வாயு மிகுந்த பாட்டில் பீரே அதற்குப் போதும்.