ரிஸ்க்-ஃபைவ் கே.வி.எம்.: கோட் சரி, போர்டைப் பார்த்து வாங்குங்கள்

லினக்ஸ் கர்னலில், ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த சிப் கட்டளைத் தொகுப்புக்கான கே.வி.எம். (ஒரே கணினியில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் ஹைப்பர்வைசர்) சேர்ந்தது 5.16 பதிப்பில், 2022 ஜனவரியில். பேட்ச்கள் 2019-லிருந்தே சுற்றில் இருந்தன. ஆனால் இறுதியாகாத விவரக்குறிப்புக்குக் கோட் எடுப்பதில்லை என்று அந்தப் பகுதியின் பராமரிப்பாளர்கள் பிடிவாதமாக இருந்தார்கள்; அந்த மெய்நிகராக்கத்துக்கு வன்பொருள் உதவி தரும் எச் எக்ஸ்டென்ஷன் 2021-இல் இறுதி வடிவத்துக்கு வரும்வரை கதவு திறக்கவில்லை. அந்தக் காத்திருப்பு கோடுக்கு நல்லதாகவே முடிந்திருக்கிறது. பினாங்கின் பாயான் லெப்பாஸில் சிப் சரிபார்ப்பு வேலை பார்ப்பவர்கள், ஒரு புதிய கோருக்கு ஹைப்பர்வைசர் கோட் எப்படி இருக்க வேண்டும் என்று படிக்க நினைத்தால், ஆர்ம்64 பக்கம் போகாமல் முதலில் இதைத் திறக்கலாம். பழைய சுமை குறைவு, கோப்புகள் சிறியவை, எது எங்கே என்பது பெயரிலேயே தெரியும்.

முதலில் காசு விஷயம். ரிஸ்க்-ஃபைவ் போர்டு என்றாலே கே.வி.எம். ஓடும் என்று நம்பி வாங்கிவிடாதீர்கள். விஷன்ஃபைவ் 2-இல் இருக்கும் ஜேஎச்7110 சிப்பின் யு74 கோர்களில் எச் எக்ஸ்டென்ஷனே கிடையாது. கர்னலை எத்தனை முறை கட்டினாலும் கே.வி.எம். சாதனக் கோப்பு தோன்றாது. சிபியு விவரக் கோப்பின் ஐஎஸ்ஏ (கட்டளைத் தொகுப்பு) வரியில் ‘எச்’ என்ற எழுத்து இருக்கிறதா என்று விற்பவரிடம் படம் கேட்டு வாங்குங்கள். கோடைப் படித்து ஓட்டிப் பார்க்க மட்டும் என்றால் போர்டே வேண்டாம். கோலாலம்பூர் லோ யாட் கடைத்தொகுதியில் கிடைக்கும் 8 ஜிபி நினைவகமுள்ள சாதாரண மடிக்கணினியில் க்யூஎம்யு (சிப்பை மென்பொருளில் போலச்செய்யும் நிரல்) போதும்: ‘விர்ட்’ இயந்திரம், எச் இயக்கிய 64 பிட் சிபியு, ஹோஸ்டுக்கு (கே.வி.எம். ஓடும் கணினி) 2 ஜிபி, அதற்குள் கெஸ்டுக்கு (மெய்நிகர் கணினி) 512 எம்பி. வேகம் ஆமைதான், ஆனாலும் பூட் ஆகும்.

ஹோஸ்ட் பூட் ஆகும்போது கர்னல் லாகில் மூன்று செய்திகளைத் தேடுங்கள்: ஹைப்பர்வைசர் எக்ஸ்டென்ஷன் உண்டு, கெஸ்ட் பேஜ் டேபிளின் (முகவரி மாற்று அட்டவணை) வடிவம் எஸ்வி39எக்ஸ்4-ஆ எஸ்வி48எக்ஸ்4-ஆ எஸ்வி57எக்ஸ்4-ஆ, விஎம்ஐடி (ஒரு விஎம்மை, அதாவது மெய்நிகர் கணினியை, அடையாளம் காட்டும் எண்) எத்தனை பிட். மூன்றாவதுதான் சுவாரசியம். கெஸ்ட் பேஜ் டேபிளைச் சுட்டும் எச்ஜிஏடிபி ரெஜிஸ்டரின் விஎம்ஐடி இடத்தில் எல்லாவற்றையும் 1 ஆக எழுதி, திரும்பப் படித்து, எத்தனை பிட் நின்றது என்று கோட் எண்ணுகிறது. 64 பிட்டில் அதிகபட்சம் 14. அந்த எண்ணிக்கை ஹோஸ்ட் சிபியுக்களுக்கே போதாது என்றால் விஎம்ஐடியை முற்றிலும் கைவிட்டு, எச்ஜிஏடிபியை எழுதும் ஒவ்வொரு முறையும் டிஎல்பியை (முகவரி மாற்றங்களைச் சேர்த்து வைக்கும் தற்காலிக நினைவகம்) துடைக்கிறது. எண்ணி முடித்ததும் ஒரு துடைப்பு உண்டு, ஏனென்றால் அந்தச் சோதனையே டிஎல்பியில் குப்பையை விட்டிருக்கலாம். புதிய கோருக்கு எழுதுபவர்கள் இந்தக் கடைசி வரியைத்தான் மறப்பார்கள்.

ஒரு விஎம்மின் எல்லா விசிபியுக்களுக்கும் (மெய்நிகர் சிபியுக்கள்) ஒரே விஎம்ஐடி. இங்கேதான் வம்பு. ஒரு விசிபியு 1-ஆம் சிபியுவில் ஓடிவிட்டு 0-க்குப் போகிறது. அங்கே கெஸ்ட் தன் பேஜ் டேபிளை மாற்றி, தன் பங்குக்கு டிஎல்பியைத் துடைக்கிறது; அது 0-ஐ மட்டுமே தொடும். மறுபடி 1-க்கு வந்தால் பழைய முகவரிகள் அதே விஎம்ஐடியுடன் காத்திருக்கும். கோட் கடைசியாக ஓடிய சிபியுவையும் இப்போதைய சிபியுவையும் ஒப்பிட்டு, வேறு என்றால் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறது. இதை க்யூஎம்யு-வில் பிடிக்க முடியாது, முதலில் ரிவ்யூவில் கண்ணால் பிடிக்க வேண்டும். க்யூஎம்யு விஎம்ஐடி வாரியாக டிஎல்பியைப் பிரித்து வைப்பதில்லை. அங்கே ஒழுங்காக ஓடிய கோட் எஃப்பிஜிஏ-வில் (சிப்பை மாதிரியாக ஏற்றிப் பார்க்கும் வன்பொருள்) ஏற்றியதும் தாறுமாறாகும். எஃப்பிஜிஏ-வில் சோதிக்க, விசிபியு த்ரெட்களை ஒரு கோரிலிருந்து இன்னொன்றுக்கு விடாமல் மாற்றிக்கொண்டே இருங்கள்.

பேஜ் ஃபால்ட் (கெஸ்ட் தொட்ட முகவரிக்கு இன்னும் மேப் இல்லாத நிலை) கையாளும் பகுதிக்குத்தான் மதிப்பெண் குறைக்க வேண்டியிருக்கிறது. ஒழுங்கு இது: முதலில் எம்எம்யு வரிசை எண்ணை (ஹோஸ்ட் மேப்பை மாற்றும்போது மாறும் எண்) படித்துக்கொள், பிறகு பேஜைத் தேடு, இதில் தூங்க நேரலாம், பிறகு லாக் எடு, எண் மாறியிருந்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பப் போ. நடுவில் ஹோஸ்ட் அந்தப் பேஜைப் பிடுங்கியிருந்தால் எண் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் முதலில் வந்த கோட், 4 கேபியா 2 எம்பியா என்று அளவை முடிவு செய்யும் விஎம்ஏ (ஹோஸ்டின் நினைவகப் பகுதிப் பதிவு) தேடலை முடித்து, அதன் லாக்கை விட்ட பிறகே எண்ணைப் படித்தது. அந்த இடைவெளியில் விஎம்ஏ மாறினால் யாருக்கும் தெரியாது. 2023-இல்தான் திருத்தினார்கள். இப்படிப்பட்ட பிழை உடனே விழாது. ஹோஸ்ட் நினைவகம் நெருக்கடியில் இருக்கும்போது மட்டும் கெஸ்ட் விளங்காத இடத்தில் சாகும். பழைய கர்னலிலிருந்து கோடை நகலெடுத்து வைத்திருப்பவர்கள் இந்த இடத்தை இன்றே பார்க்கலாம்.

ஃபால்ட் முகவரி எடுப்பது இன்னொரு பொறி. எச்டிவால் ரெஜிஸ்டர் கெஸ்ட் முகவரியை 2 பிட் வலப்புறம் தள்ளித் தரும். கீழ் 2 பிட்டை எஸ்டிவால் என்ற இன்னொரு ரெஜிஸ்டரிலிருந்து ஒட்ட வேண்டும். ஒட்ட மறந்தாலும் பேஜ் வேலை நடக்கும், பைட் அளவில் தொடும் எம்எம்ஐஓ (நினைவக முகவரி வழியாகச் சாதனத்தைத் தொடுவது) மட்டும் தப்பாகும். யுஏஆர்டி (சீரியல் போர்ட்) வெளியீட்டில் எழுத்துகள் காணாமல் போனால் முதல் சந்தேகம் இங்கே. ஃபால்ட் செய்த கட்டளையைத் தரும் எச்டிஇன்ஸ்ட் ரெஜிஸ்டர் பூஜ்யமாக வந்தாலும் விவரக்குறிப்புப்படி அது தவறில்லை. கோட் கெஸ்ட் நினைவகத்திலிருந்து கட்டளையைத் தானே படித்துக்கொள்கிறது. எம்எம்ஐஓ-வுக்குச் சாதாரண லோட், ஸ்டோர் மட்டும் புரியும். அட்டாமிக் கட்டளை வந்தால் ஆதரவில்லை என்று கைவிரிக்கும்.

இன்டரப்ட் பக்கம் ஆரம்பத்தில் மெலிவு. பிஎல்ஐசி (இன்டரப்ட் கட்டுப்படுத்தி) கர்னலுக்கு வெளியே, யூசர் ஸ்பேஸில் இருந்ததால் ஒவ்வொரு இன்டரப்டுக்கும் வெளியே போய் வர வேண்டும். கர்னல் 6.5-இல் ஏஐஏ (புதிய இன்டரப்ட் அமைப்பு) கர்னலுக்குள்ளேயே வந்த பிறகு நிலைமை தேவலை, உங்கள் சிப்பில் ஏஐஏ இருந்தால். டைமருக்கும் அப்படியே: கெஸ்டே டைமரை நேராக அமைக்க விடும் எஸ்எஸ்டிசி இல்லாத கோரில் ஒவ்வொரு டைமர் அமைப்பும் எஸ்பிஐ (கீழ் அடுக்கை அழைக்கும் இடைமுகம்) அழைப்பாக ஹோஸ்டுக்கு ஏறி வரும்.

கெஸ்டுக்குள் தாவும் அசெம்பிளிக் கோப்பு சிறியது, ஆனால் வரிசை ஏன் அப்படி என்று கருத்துரை போதாது. ட்ராப் முகவரியை (ஃபால்ட் வந்தால் சிபியு தாவும் இடம்) மாற்றிய கணத்திலிருந்து திரும்பும்வரை நடுவில் எந்த ஃபால்டும் வரக்கூடாது. அங்கே ஒரு டீபக் வரி சேர்க்கப் போகிறவர்கள், அது தொடும் நினைவகம் ஏற்கெனவே மேப் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேர்க்கவும்.